பெட்டியில் 2,000 ஆம்பியர்... வண்டி ஸ்டார்ட் ஆகுமா? ஒர்க் ஷாப்புக்கு ஏற்ற ஜம்ப் ஸ்டார்ட்டரைத் தேர்வு செய்வது எப்படி?

மூன்று நாள் அடைமழை. நான்காவது நாள் காலையில் வெயில் எட்டிப் பார்க்கிறது. ஆபீஸுக்குக் கிளம்பி, காரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்...' சத்தம் மட்டும்தான். "அண்ணே, செல்ஃப் எடுக்கல. கொஞ்சம் வர முடியுமா?" என்று மெக்கானிக்குக்கு போன் போகிறது. ஒரே காலையில் இப்படி ஏழெட்டு போன் வந்தால் ஒரு ஒர்க் ஷாப் என்ன செய்யும்?

முன்பெல்லாம் நாலு பேர் சேர்ந்து தள்ளி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். இன்று சாலையில் ஆட்டோமேட்டிக் கார்கள் அதிகம். அவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. அதனால்தான் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் இப்போது ஸ்பேனர், ஜாக்கி வரிசையில் சேர்ந்துவிட்டது. ஆனால், இணையக் கடைகளில் நூற்றுக்கணக்கான மாடல்கள். எல்லாவற்றிலும் பெரிய பெரிய எண்கள். எதை நம்புவது?

கார் வைத்திருப்பவர்களுக்கும் இது முக்கியம். ஏனென்றால், அந்தப் பெட்டியின் கிளிப்புகள் மாட்டப்படுவது உங்கள் காரின் பேட்டரியில்!

மழைக்காலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பேட்டரி பிரச்னை?

உண்மையில் பேட்டரியைக் கெடுப்பது மழையல்ல, வெயில். லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பலவீனமான பேட்டரி எப்படியோ சமாளித்து ஓடிக்கொண்டிருக்கும். மழையில் வண்டியை நான்கைந்து நாள் எடுக்காமல் விட்டால், அலாரமும் எலெக்ட்ரானிக் பாகங்களும் சிறிது சிறிதாகச் சார்ஜை இழுத்துவிடும். வெளியே எடுத்தாலும் ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓட, அரை மணி நேர டிராஃபிக் பயணத்தில் பேட்டரி முழுதாக ஏறாது. அவ்ளோதான், ஒருநாள் காலையில் கைவிட்டுவிடும்.

'2,000 ஆம்பியர்' என்றால் என்ன?

பெரும்பாலான பெட்டிகளில் பெரிதாக அச்சிடப்படுவது 'பீக் ஆம்ப்ஸ்'. ஒரு கணத்துக்கு மட்டும் அந்தச் சாதனம் தரக்கூடியதாகச் சொல்லப்படும் உச்ச மின்னோட்டம் இது. இதை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே முறை கிடையாது. ஆகவே, ஒரு நிறுவனத்தின் 1,000 ஆம்பியரும் இன்னொரு நிறுவனத்தின் 1,000 ஆம்பியரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,000 ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 24,000 வாட். ஒன்றரை டன் ஏசி சுமார் 1,500 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், இது 16 ஏசிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் மின்சாரம். உள்ளங்கை அளவுப் பெட்டியும், விரல் தடிமன் ஒயரும் இதைத் தாங்குமா?

தாங்க வேண்டிய தேவையும் இல்லை. சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுழலும்போது இழுப்பது பெரும்பாலும் 100 முதல் 200 ஆம்பியர்தான். டீசல் என்றால் இன்னும் அதிகம். இந்த மின்னோட்டத்தை மூன்று விநாடிகள் சீராகத் தர வேண்டும், அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒர்க் ஷாப்புக்கு வேண்டியது இதுதான். எனவே பார்க்க வேண்டிய எண், 'கிராங்கிங் ஆம்ப்ஸ்' அல்லது 'ஸ்டார்ட்டிங் கரன்ட்'. அந்த எண்ணே எங்கும் குறிப்பிடப்படவில்லை என்றால், அதுவே ஒரு எச்சரிக்கை.

உதாரணத்துக்கு, அமெரிக்க ஒர்க் ஷாப்களில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள 'ஜேஎன்சி660' என்ற லெட்-ஆசிட் மாடலின் பீக் 1,700 ஆம்பியர். ஆனால், கிராங்கிங் வெறும் 425 ஆம்பியர். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு! இந்த இரண்டாவது எண்ணையும் வெளிப்படையாகச் சொல்லும் தயாரிப்பைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

எம்ஏஎச் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

அடுத்த பெரிய எண் எம்ஏஎச். இது பொதுவாக 3.7 வோல்ட் செல்லை வைத்துச் சொல்லப்படும். 12,000 எம்ஏஎச் என்றால், 12 ஆம்ப்-ஹவரை 3.7 வோல்ட்டால் பெருக்க வேண்டும். கிடைப்பது சுமார் 44 வாட்-ஹவர். ஒப்பிட வேண்டியது இந்த வாட்-ஹவரைத்தான்.

ஒரு முறை ஸ்டார்ட் செய்ய எவ்வளவு ஆகும்? 150 ஆம்பியர், 10 வோல்ட், 3 விநாடி என்று கணக்கிட்டால் 4,500 ஜூல். அதாவது 1.25 வாட்-ஹவர். 44 வாட்-ஹவர் பெட்டி தாளில் 35 முறை ஸ்டார்ட் செய்யும். நடைமுறையில் வெப்பமாகவும் ஒயரிலும் ஒரு பகுதி வீணாகும். அதற்கு முன்பே பெட்டி சூடாகி, பாதுகாப்புச் சர்க்யூட் தானாக நிறுத்திவிடவும் வாய்ப்பு உண்டு. பிஸியான கடைக்கு இடையூறு சார்ஜ் தீர்வதைவிட, இந்தச் சூடுதான்.

பொய்க் கணக்கைப் பிடிக்க எளிய வழி தராசு. 99,800 எம்ஏஎச் என்றெல்லாம் விளம்பரங்களைப் பார்க்க முடிகிறது. அது உண்மையென்றால் சுமார் 369 வாட்-ஹவர். இன்றைய லித்தியம் செல்களில் அவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்க, செல்கள் மட்டுமே ஒன்றரை கிலோவுக்கு மேல் எடை இருக்க வேண்டும். மொத்தப் பெட்டியே அரை கிலோ என்றால், மீதியை எண்களாக மட்டும்தான் விற்கிறார்கள்.

லித்தியமா, லெட்-ஆசிடா, கெப்பாசிட்டரா?

*லித்தியம்:* சின்னது, எடை குறைவு. பைக்கின் பெட்டியில் போட்டுக்கொண்டு கஸ்டமர் வீட்டுக்குப் போய்விடலாம். சூடு தாங்காது என்பதுதான் பலவீனம். அடுத்தடுத்து ஐந்தாறு வண்டிகள் என்றால் நடுவில் ஆறவிட வேண்டும்.

*லெட்-ஆசிட்:* எட்டு கிலோ வரை எடை. ஆனால், நாள் முழுக்க அடி தாங்கும். உள்ளே உள்ள பேட்டரி பழுதானால் மாற்றக்கூடிய மாடல்கள் உண்டு. ஒவ்வொரு இரவும் சார்ஜில் போட மறந்தால் ஆயுள் குறைந்துவிடும்.

*சூப்பர் கெப்பாசிட்டர்:* உள்ளே பேட்டரியே இல்லை. இறங்கிப்போன கார் பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜை உறிஞ்சி, சில நிமிடங்களில் தன்னை நிரப்பிக்கொண்டு, ஒரே மூச்சில் திருப்பித் தரும். வெப்பத்தையும் ஆண்டுக்கணக்கான உபயோகத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால், ஓரிரு முயற்சிதான். அதற்குள் வண்டி எடுக்காவிட்டால் மறுபடி நிரப்ப வேண்டும்.

இன்னொரு உண்மையும் உண்டு. கடைக்கு உள்ளேயே நிற்கும் வண்டிக்கு, தள்ளுவண்டியில் ஒரு நல்ல 12 வோல்ட் பேட்டரியும் தடிமனான காப்பர் கேபிளும் போதும். பல மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வது இதுதான். கையடக்கப் பெட்டி தேவைப்படுவது ரோட்டில் நிற்கும் வண்டிக்கு. தினமும் இரண்டு மூன்று அழைப்புதான் என்றால் ஒரு நல்ல லித்தியம் பெட்டி போதும். பத்தைத் தாண்டினால், ஒரே ஒரு 'பெரிய' பெட்டி வாங்குவதைவிட, மாற்றி மாற்றிப் பயன்படுத்த இரண்டு நடுத்தரப் பெட்டிகள் வாங்குவது புத்திசாலித்தனம்.

காருக்கு ஆபத்து வருமா?

வரலாம். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டினால் ஃபியூஸோடு போகாமல், எலெக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட் வரை பாதிக்கப்படலாம். நல்ல பெட்டிகளில் தவறாக மாட்டினால் மின்சாரம் பாயாது, எச்சரிக்கை விளக்கு எரியும். தீப்பொறி, ஷார்ட் சர்க்யூட், அதிக வெப்பம் ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் (பல மாடல்களில் சுமார் 2 வோல்ட்டுக்குக் கீழே) பெட்டியால் அதை அடையாளம் காண முடியாது. அப்போது 'பூஸ்ட்' அல்லது 'மேனுவல்' பட்டனை அழுத்த வேண்டும். பல மாடல்களில் அந்தப் பட்டனை அழுத்தியதும் பாதுகாப்பு வசதிகள் அணைந்துவிடும். அவசரத்தில், புதிதாகச் சேர்ந்த பையன் கையில் இந்தப் பட்டன் இருப்பது ஆபத்து. யார் அழுத்தலாம் என்பதைக் கடையில் முன்பே முடிவு செய்வது நல்லது.

லாரி, பஸ்களில் 24 வோல்ட் சிஸ்டம் இருக்கும். 12/24 என மாற்றும் சுவிட்ச் உள்ள பெட்டியைத் தவறுதலாக 24-ல் வைத்து காரில் மாட்டினால் செலவு பெரிதாகிவிடும். கனரக வாகனங்கள் வராத கடைக்கு, 12 வோல்ட் மட்டும் உள்ள பெட்டியே பாதுகாப்பு.

கடைக்கே ஆபத்து வருமா?

லித்தியம் பேட்டரியின் தரம் இப்போது உலகம் முழுக்கப் பேசப்படும் விஷயம். 2025 ஜூனில் அமெரிக்காவில் ஒரே ஒரு பவர் பேங்க் மாடலில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவை தீ அபாயம் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டன. அதே மாதம் 28-ம் தேதி முதல், '3சி' தரக் குறியீடு இல்லாத பவர் பேங்க்குகளை உள்நாட்டு விமானங்களில் எடுத்துச் செல்ல சீனா தடை விதித்தது.

ஜம்ப் ஸ்டார்ட்டரும் பவர் பேங்க்கின் நெருங்கிய உறவுதான். ஆனால், அதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரே நொடியில் வெளியேற்றுவது. பெட்ரோல், ஆயில், துணிக் கழிவு எல்லாம் கிடக்கும் கடையில் மலிவுப் பெட்டி ஒன்று இரவெல்லாம் சார்ஜில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தியாவில், கையடக்கச் சாதனங்களில் பயன்படும் லித்தியம் செல், பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 தரநிலையின்படி பிஐஎஸ் கட்டாயப் பதிவு உண்டு. 'ஆர்' எழுத்துடன் 8 இலக்க எண் இருக்கிறதா என்று பார்த்து, 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். அமெரிக்கச் சந்தைக்கான தயாரிப்பு என்றால் 'யூஎல் 2743' சான்று உள்ளதா என்று பார்க்கலாம்.

வாங்கிய பிறகும் சில விதிகள் உண்டு. பயன்படுத்திய சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைக்கக் கூடாது. லேசாக உப்பினாலும் அன்றோடு ஓரங்கட்ட வேண்டும். பழையதைக் காயலான் கடையில் போடாமல், பேட்டரி மறுசுழற்சிக்குக் கொடுக்க வேண்டும்.

வாரன்டி கடைக்குக் கிடைக்குமா?

பலரும் கவனிக்காத இடம் இதுதான். வீட்டு உபயோகத்துக்கான பல மாடல்களின் வாரன்டியில், 'வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது' என்ற ஒரு வரி இருக்கும். தினமும் பத்து வண்டி பார்க்கும் கடைக்கு அந்த வாரன்டி அட்டை வெறும் காகிதம். வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் படிப்பது முக்கியம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால், சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. அதாவது, தானே ஸ்பேனர் பிடிக்கும் சின்னக் கடை உரிமையாளர் இந்த விலக்கைச் சொல்லிப் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் வாங்கினால் இது எதுவும் பேச முடியாது.

வாங்கியதும் எப்படி டெஸ்ட் செய்வது?

கடையில் இருக்கும் மல்டிமீட்டரே போதும். இறங்கிய பேட்டரி உள்ள வண்டியில் பெட்டியை மாட்டி ஸ்டார்ட் செய்யும்போது, பேட்டரி டெர்மினலில் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரியாமல் இருந்தால் நல்லது. இரண்டு நிமிட இடைவெளியில் ஐந்து முறை செய்ய வேண்டும். ஐந்தாவது முறையும் அதே வேகத்தில் சுற்றுகிறதா? ஒயரும் கிளிப்பும் கை வைக்க முடியாத அளவு சுடுகிறதா? திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

எப்போது ஜம்ப் ஸ்டார்ட் செய்யவே கூடாது?

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாமல் உள் பாகங்கள் வளைந்துவிடலாம். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுக்காத பாலிசியில், இப்படி வந்த சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்படவும் வாய்ப்பு அதிகம். அப்போது தேவை ஜம்ப் ஸ்டார்ட்டர் அல்ல, இழுத்துச் செல்லும் வண்டி.

அதேபோல பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டியும் வண்டி எடுக்கவில்லை என்றால், பிரச்னை டெர்மினலிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கலாம். எந்தப் பெட்டியை மாட்டினாலும் பயனில்லை.

எனவே அடுத்த முறை மெக்கானிக் பெட்டியோடு வந்தால், கார் உரிமையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அண்ணே, பேட்டரி எத்தனை வோல்ட் காட்டுது?" மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளிப்பைக் கையில் எடுப்பவரிடம் வண்டியைத் தைரியமாக விடலாம்.