பெயின்ட் அடிக்க முதல் கராஜைப் போய்ப் பாருங்கள்

"காருக்கு முழுப் பெயின்ட் அடிக்கணும், எந்தக் கராஜ் மலிவு?" இந்தக் கேள்வி எமது ஊரில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. காரணம் விளங்குகிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தும் விலை நமக்கு எட்டவில்லை. இருக்கிற வாகனத்தையே இன்னும் சில வருடம் ஓட்ட வேண்டும். கடலோரத்தில் வாழ்கிற நமக்கு உப்புக்காற்று வேறு. கதவடியையும் மட்காட் விளிம்பையும் கறள் தின்கிறது.

ஆனால் மலிவைக் கேட்க முதல், "அடியில் என்ன வேலை செய்வீங்க?" என்று கேளுங்கள்.

பெயின்ட் வேலையில் நம் கண்ணுக்குத் தெரிவது கடைசிப் படை மட்டும்தான். பழைய பெயின்டைத் தேய்ப்பது, கறள் பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வெல்ட் பண்ணுவது, புட்டி, பிரைமர், மறுபடி தேய்ப்பு என்று நாட்கணக்கில் போகும் வேலையெல்லாம் அடியில் கிடக்கிறது. நாம் பேரம் பேசிக் குறைக்கும் காசும் அங்கேதான் குறையும். கறளை வெட்டாமல் மேலே புட்டி வைத்து அடித்த கார், கராஜை விட்டு வரும் அன்று பளபளக்கும். ஒரு மாரி போனதும் கொப்புளம் போடும்.

ஆகவே கராஜுக்கு நேரில் போங்கள். முடிந்த காரைக் காட்டுவார்கள். பாதி வேலையில் நிற்கிற காரைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி ரப்பர், கதவுக் கைபிடி, லைட் எல்லாம் கழற்றியிருக்கிறதா, அல்லது பேப்பர் ஒட்டி அடிக்கிறார்களா என்று பாருங்கள். பேப்பர் ஒட்டி அடித்தால் ரப்பர் ஓரத்தில் இருந்துதான் பெயின்ட் உரியத் தொடங்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டு போனால், தகடு எங்கே, தடித்த புட்டி எங்கே என்று அதுவே சொல்லும்.

நிறத்தைக் கண்ணால் பார்த்துக் கலக்க விடாதீர்கள். வாகனத்தின் தகட்டில் நிற இலக்கம் இருக்கும். டொயோட்டாவின் 070 முத்து வெள்ளைக்கு வெள்ளை, முத்து, கிளியர் என மூன்று படை வேண்டும். அதைச் சாதாரண வெள்ளையின் விலைக்கு அடித்துத் தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். என்.சீ. பெயின்டா, ஹார்ட்னர் கலக்கும் டூ-கே பெயின்டா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். என்.சீ. மலிவு, ஆனால் நமது வெயிலில் சீக்கிரம் மங்கும். நிறத்தையே மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்ற வேண்டும்.

"மாதச் சம்பளக்காரன் இதற்கெல்லாம் எங்கே போவது?" என்பது நியாயமான கேள்வி. என் பதில், முழுக் காரையும் மலிவாக அடிப்பதை விட்டுவிட்டு, கறள் பிடித்த இரண்டு கதவை ஒழுங்காகச் செய்யுங்கள். மிச்சத்தை அடுத்த வருடம் பார்க்கலாம்.

ஆசிரியராக எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஓ.எல். முடித்து கராஜில் சேர்வது நம்மிடம் படித்த பிள்ளைகள்தான். டூ-கே பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சுத் திணறும். மூக்கில் கட்டும் கைலேஞ்சியும் கொரோனாக் காலத்து மாஸ்க்கும் அதைத் தடுக்காது. குழாயால் சுத்தமான காற்று வரும் முகமூடியும் காற்றை வெளியே இழுக்கும் தனி அறையும் வேண்டும்.

அவற்றுக்குச் செலவு செய்த பாஸ், செய்யாதவரை விடக் கூடத்தான் கேட்பார். அவரிடம் போய், "மற்றக் கராஜில் இவ்வளவுதான் காக்கா" என்று நாம் அடித்துக் குறைத்தால், அடுத்த முறை அவரும் அந்தச் செலவைக் குறைப்பார். பிறகு அந்தப் பிள்ளையின் சுவாசப்பைக்கு நாமும் பொறுப்பு.

வேலையை அமானிதமாகச் செய்கிற பாஸ்மார் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். கராஜுக்குள் நுழைந்ததும் காரைப் பார்க்க முதல், ஸ்பிரே கன் பிடித்திருக்கும் தம்பியின் முகத்தைப் பாருங்கள்.