‘துப்பாக்கி வெடித்தது’ என்னும் வாக்கியம்

காவலர் ஒருவரின் துப்பாக்கியிலிருந்து எதிர்பாராமல் தோட்டா வெளிப்பட்டு எவரேனும் காயமுற்றாலோ இறந்தாலோ, மறுநாள் செய்தித்தாளில் வரும் வாக்கியம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும்: ‘எதிர்பாராதவிதமாகத் துப்பாக்கி வெடித்தது.’ இவ்வாக்கியத்தின் எழுவாய் துப்பாக்கி. அதை ஏந்திய கைக்கும், விசையின்மேல் கிடந்த விரலுக்கும், உள்ளே தோட்டா உண்டா என்று பார்க்கத் தவறிய கண்ணுக்கும் இதில் இடமில்லை. விசாரணை தொடங்கும் முன்பே இலக்கணம் தீர்ப்பெழுதிவிடுகிறது.

விபத்து வேறு, கவனக்குறைவு வேறு. இவ்வேறுபாடு இந்தியக் குற்றவியல் சட்டத்துக்குப் புதிதன்று. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 80ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 18ஆம் பிரிவும் விபத்தைக் குற்றமல்ல என விலக்குகின்றன. ஆனால் அவ்விலக்குக்கு நிபந்தனைகள் உண்டு. செயல் சட்டப்படியானதாகவும், முறையான வழியில் செய்யப்பட்டதாகவும், உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் நிகழ்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். சட்டமே தரும் எடுத்துக்காட்டு கோடரி பற்றியது. வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவனின் கோடரித் தலை கழன்று பறந்து, அருகில் நின்றவரைக் கொன்றுவிடுகிறது. அவனிடம் எச்சரிக்கைக் குறைவு இல்லாதிருந்தால் மட்டுமே அது மன்னிக்கத்தக்கது. எச்சரிக்கை தவறியிருந்தால் விபத்து என்னும் பெயரே பொருந்தாது. அங்கே கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்னும் குற்றம் வருகிறது. முன்பு 304-அ பிரிவின்கீழ் அதற்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை. இப்போது 106ஆம் பிரிவின்கீழ் ஐந்து ஆண்டுகள் வரை.

இதனினும் முக்கியமானது மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பது. விதிவிலக்கைக் கோருபவரே அதை நிறுவ வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நானாவதி வழக்கை நினைவுகூரலாம். கைகலப்பில் ரிவால்வர் தவறுதலாக வெடித்தது என்றே கடற்படை அதிகாரியான நானாவதியின் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் 80ஆம் பிரிவையும், அப்பிரிவின் பயனைக் கோருபவர் சுமக்க வேண்டிய பொறுப்பையும் விரிவாக ஆராய்ந்து, அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. துப்பாக்கி காவலருடையதாக இருக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டிய ‘விபத்து’, முதல் நாளிலேயே காவல்துறையின் விளக்கமாக வெளிவந்து, கேட்போர் மனத்தில் முடிந்த முடிபாகிவிடுகிறது.

மெய்யான விபத்துகள் இல்லாமல் இல்லை. பாகம் தேய்ந்தோ வடிவமைப்பில் பிழையிருந்தோ விசை தொடப்படாமலே ஆயுதம் வெடிப்பதுண்டு. சுத்தியலைத் தடுக்கும் அமைப்பு இல்லாத பழைய ரிவால்வர்கள் தரையில் விழுந்தால் வெடிக்கக்கூடும். 2017இல் அமெரிக்காவில் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கி, குறிப்பிட்ட கோணத்தில் விழும்போது வெடிப்பது சோதனைகளில் தெரியவந்தது. விசை உள்ளிட்ட பாகங்களை மாற்றித்தர நிறுவனம் முன்வந்தது. இத்தகைய நிகழ்வை ஆயுதத்தைப் பரிசோதித்து உறுதிசெய்ய முடியும். எனவே ‘விபத்து’ என்பது தடயவியல் ஆய்வின் முடிவில் வர வேண்டிய சொல்லேயன்றி, அதற்கு மாற்றாக வர வேண்டிய சொல்லன்று.

உலகெங்கும் ஆயுதப் பயிற்சியில் கற்பிக்கப்படும் நான்கு விதிகள் அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் தொகுத்த வடிவில் பரவலாக அறியப்பட்டவை: எத்துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதே எனக் கொள்க, அழிக்க எண்ணாத எதன்மீதும் குழல்முனையைத் திருப்பாதே, குறிபார்த்துச் சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்துகொள். இவ்விதிகள் ஒன்றுக்கொன்று காப்பாக அமைந்தவை. விரல் தவறினாலும் குழல்முனை பாதுகாப்பான திசையில் இருந்தால் தோட்டா மண்ணிலோ மணலிலோ புதையும். கையில் பிடித்த பழுதற்ற ஆயுதம் எதிரில் நிற்பவர் உடலைத் துளைக்கிறது எனில், ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் ஒருசேர மீறப்பட்டன என்பதே பொருள். 2023 டிசம்பரில் உத்தரப்பிரதேசத்தின் அலிகாரில், கடவுச்சீட்டுச் சரிபார்ப்புக்காகக் காவல் நிலையம் வந்து நின்ற பெண்ணின் தலையில், உதவி ஆய்வாளர் கையிலிருந்த கைத்துப்பாக்கியின் தோட்டா பாய்ந்தது. சில நாள்களில் அவர் உயிரிழந்தார். அங்கே கலவரமில்லை, துரத்தலில்லை, எதிர்த்தாக்குதல் இல்லை. கண்காணிப்புக் கேமரா மட்டும் இருந்தது. அந்தப் பதிவு வெளிவராதிருந்தால் ‘துப்பாக்கி வெடித்தது’ என்பதற்கு மேல் எத்தனை பேருக்கு என்ன தெரிந்திருக்கும்?

மனித உடல் இயந்திரமன்று என்ற மறுப்பு எழலாம். அது உண்மை. திடுக்கிடும்போதும், கால் இடறும்போதும், மற்றொரு கை எதையேனும் இறுகப் பற்றும்போதும் துப்பாக்கி ஏந்திய கையின் விரல்கள் அறியாமலே மடங்கக்கூடும் என்று உடலியலாளர் ரோஜர் எனோகா 2003இல் விளக்கினார். ஆனால் இவ்வுண்மை கவனக்குறைவை மன்னிப்பதில்லை. விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டிய காரணத்தையே அது சொல்கிறது. மடங்கும் விரல் விசைக்காப்பின் வெளிப்புறத்தில் கிடந்தால் தோட்டா வெளிப்படாது.

எனினும் ‘கவனக்குறைவு’ என்னும் சொல்லைக் கடைநிலைக் காவலரின் தலையில் மட்டும் சுமத்தி முடிப்பதும் ஒரு வகைத் தப்பித்தலே. பிரௌனிங் ஹை-பவர் வகைக் கைத்துப்பாக்கியில் மேகசினைக் கழற்றிவிட்டால் விசை இயங்காது. பல மாநிலக் காவல் படைகளில் புழங்கும் கிளாக் துப்பாக்கியில் அத்தகைய தடுப்பு இல்லை. மேகசின் வெளியே வந்தபின்னும் அறையில் எஞ்சிய ஒரு தோட்டா வெடிக்கும். அதுமட்டுமன்று, துடைப்பதற்காக அதைப் பிரிக்கும்போது விசையை அழுத்தியே ஆக வேண்டும். முன்னதில் பழகிய கைக்குப் பின்னதைக் கொடுத்து, முறையான மறுபயிற்சியும் அளிக்காமல், ‘துடைக்கும்போது வெடித்தது’ என்று எழுதினால், அந்தக் கவனக்குறைவில் பயிற்சியளிக்காதவருக்கும் பங்கு உண்டு. இவ்வாறு வெளிப்படும் தோட்டாவுக்கு முதலில் இரையாகக் கூடியவர்கள் அதே அறையில் பணிபுரியும் சக காவலர்களே.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, படையினரின் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த தோட்டா வீட்டிலிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். பயிற்சித் தளத்தில் சுடுபவர் வேண்டுமென்றேதான் விசையை அழுத்துகிறார். அங்கே தவறுவது விரலன்று. இலக்குக்கு அப்பால் என்ன உள்ளது என்னும் நான்காம் விதி அங்கே ஒரு காவலருக்குரியதன்று; தளத்தை அமைத்தவருக்கும் அனுமதித்தவருக்கும் உரியது. துப்பாக்கித் தோட்டா ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கொல்ல வல்லது என்பது எந்தப் பொறியாளருக்கும் புதிய செய்தியன்று.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவது, விசாரணை முடியும் வரை ‘நோக்கமின்றி நிகழ்ந்த வெடிப்பு’ என்னும் நடுநிலைச் சொல்லே ஆவணங்களில் இடம்பெற வேண்டும். முடிவில் ஆயுதப் பழுது, கையாண்டவரின் கவனக்குறைவு, நிறுவனத்தின் கவனக்குறைவு என வகைப்படுத்த வேண்டும். இரண்டாவது, மோதல் மரணங்களுக்காக 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த 16 வழிமுறைகளின் சாரத்தை இங்கும் பின்பற்றலாம். சிஐடியோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ புலனாய்வு செய்தல், தொடர்புடைய ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைத்தல் ஆகியன அவற்றுள் உள்ளவை. சக ஊழியரின் மேசையில் சக ஊழியரே எழுதும் விளக்கம் விசாரணை ஆகாது. மூன்றாவது, பணி மாறும் இடங்களிலும் ஆயுதக் கிடங்குகளிலும் மணல் நிரப்பிய சோதனைத் தொட்டிகள் வேண்டும். முதலில் மேகசின், பிறகு அறை என்னும் வரிசையில் ஆயுதத்தை வெறுமையாக்குவது இன்னொருவர் முன்னிலையில் நடக்க வேண்டும். இவ்வரிசை மாறினால், அறையிலிருந்த தோட்டா வெளியேறிய இடத்தில் மேகசினிலிருந்து அடுத்தது ஏறிவிடும்.

நான்காவது சற்றுக் கடினமானது. எவருக்கும் காயமின்றிச் சுவரிலோ கூரையிலோ தோட்டா பதிந்த நிகழ்வுகளை அஞ்சாமல் தெரிவிக்க வழி வேண்டும். அவற்றுக்கும் பணியிடை நீக்கமே பதில் எனில், சுவர் பூசப்படும், பாடம் புதைக்கப்படும். உயிரோ உடலோ சேதமுற்ற இடத்தில் சட்டம் தன் வழியில் செல்லட்டும். சேதமுறாத இடத்தில் உண்மை சொல்வோரைக் காக்க வேண்டும். வானூர்தித் துறை பல பதின்ம ஆண்டுகளாக இவ்வேறுபாட்டைப் பேணி வருகிறது.

ஆயுதம் தாங்கும் உரிமையைக் குடிமக்களில் பெரும்பாலோருக்கு மறுத்து, அதைக் காவலரிடம் ஒப்படைத்திருக்கிறது இந்நாடு. அந்நம்பிக்கைக்கு ஈடாக அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது சாதாரணக் கவனமன்று, மிகுந்த கவனம். அது தவறிய இடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டுத் தொகைக்கு முன்பே வழங்க வேண்டிய ஒன்று உண்டு: எழுவாயில் மனிதர் இருக்கும் ஒரு வாக்கியம்.