புது வீட்டு ரூம் கதவுகளுக்கு 'ஃபயர் டோர்' தேவையா? முதலில் ஜன்னலைப் பாருங்கள்!

வீடு கட்டும்போது கதவுக்கு எப்போதுமே தனி பட்ஜெட். தலைவாசலுக்குத் தேக்கு, பெட்ரூமுக்கு ஃப்ளஷ் டோர், பாத்ரூமுக்கு பி.வி.சி. என்று இன்ஜினியர் ஒரு லிஸ்ட் கொடுத்துவிடுவார். இப்போது பலர் அதில் இன்னொரு கேள்வியையும் சேர்க்கிறார்கள்: "உள்ள இருக்கிற ரூம் கதவெல்லாம் ஃபயர் டோராவே போட்டுடலாமா?"

சுருக்கமான பதில்: எல்லாக் கதவுக்கும் தேவையில்லை. ஆனால், 'சட்டத்துல இல்ல, அதனால வேண்டாம்' என்று அதோடு விட்டுவிடவும் முடியாது.

ஃபயர் டோர் என்றால் என்ன?

தீயையும் புகையையும் குறிப்பிட்ட நேரம் தடுத்து நிறுத்துவதாகச் சோதித்துச் சான்று பெற்ற கதவு. 30 நிமிடம், 60 நிமிடம், 120 நிமிடம் என ரேட்டிங் இருக்கும். பலகை மட்டும் அல்ல. நிலை, கீல், பூட்டு, சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை, தானாக மூடவைக்கும் டோர் க்ளோசர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ரேட்டிங். நல்ல ஃபயர் டோரை வாங்கிப் பழைய நிலையில் மாட்டினாலோ, கார்பென்டர் இஷ்டத்துக்கு இழைத்தாலோ அந்தச் சான்றுக்கு அர்த்தமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது உயர்மாடிக் கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். தேசியக் கட்டட நெறிமுறை 2016, இத்தகைய கட்டடங்களின் படிக்கட்டு வாசலுக்கு 120 நிமிட ஃபயர் டோர் கேட்கிறது. அதாவது அப்பார்ட்மென்ட்டில் இது பில்டரின் பொறுப்பு. தனி வீட்டின் பெட்ரூம் கதவுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்தில் சாதாரண இரண்டு மாடி வீட்டின் ரூம் கதவுகளுக்கு ரேட்டிங் கேட்பதில்லை. மேல்தளம் தரையிலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் போனால்தான் படிக்கட்டைச் சுவரால் அடைத்து, அதில் திறக்கும் அறைகளுக்கு 20 நிமிடக் கதவு போட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு 'நம்ம வீடும் ரெண்டு மாடிதானே' என்று நிம்மதியாகிவிட வேண்டாம். அந்தச் சலுகைக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. மாடி அறையில் ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் திறக்க வேண்டும். படிக்கட்டில் புகை ஏறினால் ஜன்னல்தான் இரண்டாவது வழி.

நம் வீடுகளில் அந்த ஜன்னலில் இருப்பது இரும்பு கிரில். பல வீடுகளில் பால்கனிக்கும் கிரில் போட்டுவிடுகிறோம். திருடன் உள்ளே வர முடியாது என்பது சரி. நாமும் வெளியே போக முடியாது. மிஞ்சுவது படிக்கட்டு ஒன்றுதான். அதுவும் ஹாலுக்குள்ளிருந்தே ஏறும் ஓபன் படிக்கட்டு என்றால், ஹாலில் தீப்பிடித்த உடனே இறங்கும் வழி போய்விடும். அந்த வீட்டில் பெட்ரூம் கதவுக்கு மட்டும் ரேட்டிங் போடுவது கொஞ்ச நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வெளியேற வழி தராது.

எந்தக் கதவுக்குச் செலவு செய்யலாம்?

கார் பார்க்கிங்கிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவுக்கு. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்ததில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். இங்கிலாந்து விதி இந்தக் கதவுக்கு 30 நிமிட ரேட்டிங் கேட்கிறது. அமெரிக்க மாதிரி விதியின்படி 20 நிமிட ரேட்டிங் அல்லது சுமார் 35 மி.மீ. திட மரக்கதவு வேண்டும். அது தானாக மூடிக்கொள்ளவும் வேண்டும். ஸ்கூட்டரை வீட்டுக்குள்ளோ மாடிப்படிக்குக் கீழேயோ சார்ஜ் போடாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

ரேட்டிங் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. 2022 ஜனவரி 9-ம் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பில் ஒரு ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. தீ அந்த ஃப்ளாட்டையும் அதன் வராந்தாவையும் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. ஆனால் தானாக மூடியிருக்க வேண்டிய கதவு மூடவில்லை. புகை கட்டடம் முழுக்க ஏறி 17 பேர் இறந்தார்கள்.

மாறாக, சாதாரண கதவே மூடியிருந்தால் எவ்வளவு உதவும் என்பதற்கும் சோதனை உண்டு. அமெரிக்காவின் யு.எல். ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனைகளில், கதவு திறந்திருந்த அறையில் வெப்பம் சுமார் 540 டிகிரி செல்சியஸ். மூடியிருந்த அறையில் சுமார் 38 டிகிரி. ஏசிக்காக ராத்திரி கதவைச் சாத்துகிறோமே, அது இந்த விஷயத்தில் நல்ல பழக்கம். ஒரே சிக்கல், வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. அதனால் ஹாலிலும் பெட்ரூமிலும் ஸ்மோக் அலாரம் வேண்டும்.

சரி, அப்போ என்ன பண்ணலாம்?

1. ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஜன்னல் அல்லது பால்கனி கிரிலையாவது உள்ளிருந்து திறக்கும்படி செய்யுங்கள். சாவி எங்கே தொங்குகிறது என்பது குழந்தைகளுக்கும் தெரிய வேண்டும்.

2. பெட்ரூமுக்கு உள்ளே வெற்றிடம் இல்லாத, நிலையோடு சரியாகப் பொருந்தி மூடும் கதவு போதும்.

3. பார்க்கிங் பக்கக் கதவுக்கு மட்டும் ரேட்டிங் உள்ளதை டோர் க்ளோசரோடு போடுங்கள். சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

4. இரண்டு மாடிக்கு மேல் கட்டினால் படிக்கட்டை அடைப்பதா, வெளிப்படிக்கட்டுக்கு மாடியிலிருந்து ஒரு வாசல் வைப்பதா என்று பிளான் போடும்போதே பேசுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

5. ஃப்ளாட் என்றால் மாடிப்படி ஃபயர் டோரைப் போய்ப் பாருங்கள். அதற்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருக்கிற செங்கலை எடுக்கச் சொல்லி அசோசியேஷனில் பேசுங்கள்.

ஃபயர் டோர் கடைக்காரர் எத்தனை கதவு வேண்டும் என்றுதான் கேட்பார். அதற்கு முன் உங்கள் இன்ஜினியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால் முழுக்கப் புகையா இருந்தா, மாடியில தூங்குற அம்மா எந்த வழியா வெளியே வருவாங்க?" அதற்கு பிளானில் பதில் கிடைத்த பிறகு கதவுக்கு ஆர்டர் கொடுங்கள்.