ஒரு கமா, முப்பது ரூம் பில்

டிபிஎம்எஸ் லேப்ல அலியாஸுக்குன்னு தனி எக்ஸ்பெரிமென்ட் கிடையாது. ஜாயின் நடத்தும்போது சார் போற போக்குல சொல்லிட்டுப் போவார்: "ஆஸ் போட்டாலும் ஓடும், போடாட்டியும் ஓடும்." அந்த 'போடாட்டியும்'தான் என் பிரச்சினை.

போன செமஸ்டர்ல நாங்க மூணு பேர் ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு ஒரு மினி ப்ராஜெக்ட் செஞ்சோம். உள்ளே இருக்கிற சப்க்வெரி ரோல் நம்பர், ரூம் நம்பர், சாப்பிட்ட நாள் மூணையும் எடுக்கும். வெளியே இருக்கிற க்வெரி நாளை ஒரு நாள் ரேட்டால பெருக்கும். ரூம் நம்பர் அப்போதைக்குத் தேவையே இல்லை, பின்னாடி உதவும்னு சேர்த்தது. அதுக்கும் நாளுக்கும் நடுவுல கமா போட மறந்துட்டேன். ஆமா, நான்தான்.

எரர் வரல. ஆஸ் கட்டாயம் இல்லையே! பேப்பர்ல ரவுடி பெயருக்கு நடுவுல 'என்கிற' வருமே, அது இல்லாமலே டேட்டாபேஸ் புரிஞ்சுக்கிச்சு: ரூம் நம்பர் என்கிற நாள். மூணாம் ரூம்காரனுக்கு 3 நாள் பில், 28-ம் ரூம்காரனுக்கு 28 நாள் பில். எங்க பிளாக்ல மொத்தமே 30 ரூம்தான், அதனால எல்லா எண்ணும் நம்புற மாதிரியே இருந்தது. ஒரே ரூம்ல எல்லாருக்கும் ஒரே தொகை வந்ததைக்கூட நாங்க கவனிக்கல. ரெண்டு வாரம் ஊர்ல இருந்துட்டு வந்த 29-ம் ரூம் நண்பன் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி தன் பில்லைப் பார்த்துக் கத்தினப்போதான் தெரிஞ்சுது.

அதனால, செலக்ட்டுக்குள்ள பெயர் மாத்தினா ஒவ்வொரு தடவையும் ஆஸ் போடுங்க. போட்டா கமா மறக்காதான்னு கேட்டா, மறக்கும். ஆனா போட்டே பழகின கண்ணுக்கு, ஆஸும் இல்லாம கமாவும் இல்லாம ரெண்டு பெயர் ஒட்டி நிற்கிறது உறுத்தும். போஸ்ட்கிரெஸ் டாக்குமென்டேஷனும் ஆஸ் போடச் சொல்லுது. அவங்க காரணம் வேற: நாளைக்குப் புதுசா ஒரு கீவேர்டு வந்து உங்க பெயரோட மோதிடக் கூடாது.

டேபிளுக்குப் பெயர் வைக்கிறதுல எனக்கு இந்தப் பிடிவாதம் இல்லை. ஆரக்கிள் 19சி-ல அங்கே ஆஸ் போட்டாதான் எரரே வரும். அங்கே என் சண்டை ஏ, பி, சி-ன்னு பெயர் வைக்கிறவங்களோட. ஹாஸ்டல்ல ரெண்டு கார்த்தி இருந்தா 'கார்த்தி ஏ', 'கார்த்தி பி'ன்னா கூப்பிடுறோம்? சிவில் கார்த்தி, மெக் கார்த்தி. செல்ஃப் ஜாயின்ல ஒரே டேபிள் ரெண்டு வேஷம் போடுது. 'எம்ப்ளாயி', 'மேனேஜர்'னு வச்சிருந்தா யாரோட சம்பளம்னு ஒவ்வொரு வரியிலயும் மேலே போய்த் தேட வேண்டாம்.

என் டீம்மேட் ஒருத்தன் இன்னும் ஆஸ் போடுறதில்லை. "நீ கமாவை ஒழுங்கா போடு, போதும்"ங்கிறான். அந்த மாசம் அவனுக்கு வந்தது ரெண்டே நாள் பில்.