லாபம், ரெண்டு, மூணு

களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார். ‘லாபம்’ என்பார். அதன் பிறகுதான் ரெண்டு, மூணு. காவிரிப் படுகையில் பிறந்த என் அம்மாயி, குதிரிலிருந்து வீட்டுச் செலவுக்கு நெல் எடுக்கும்போதும் அப்படித்தான் எண்ணுவார். இன்றைக்கு அவர் வீட்டில் குதிரும் இல்லை, மரக்காலும் இல்லை. எண்ணுகிற பழக்கம் மட்டும் நாக்கில் இருக்கிறது.

1940-இல் பிறந்தவர், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அரைக்கால், மாகாணி வாய்ப்பாடுகள் இன்னும் தலைகீழ்ப் பாடம். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனபோது அவருக்குப் பதினேழு வயது. ஓரணா என்பது ஆறேகால் பைசா. கடையில் ஆறுதான் கொடுத்தார்கள். அந்தக் கால் பைசா எங்கே போயிற்று என்று இப்போதும் கேட்கிறார். அணா கணக்கிலிருந்து போன பிறகும் இருபத்தைந்து பைசாவை ‘நாலணா’ என்றே அழைத்தோம். 2011 ஜூன் 30-இல் அந்தக் காசே செல்லாமல் போகும்வரை அந்தச் சொல் நம் பையில் கிடந்தது.

பழைய கணக்கு பாதியால் ஓடியது. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ரூபாயை நாலு முறை பாதியாக்கினால் ஓரணா. அதாவது மாகாணி ரூபாய். எழுத்தறியாதவரும் தராசில்லாமல் கண்ணாலேயே பங்கு பிரிக்கலாம். நூறை இரண்டு முறை பாதியாக்கலாம், மூன்றாவது முறை பின்னம் வந்துவிடும். அகராதியில் ஆழாக்கும் உண்டு, உழக்கும் உண்டு. ஒன்றை இரண்டாக்கிக்கொண்டே போகிற அந்தக் கையின் பழக்கத்தை எந்த அகராதியில் தேடுவது?

நிலத்தில் மட்டும் பழைய சொல் உயிரோடு இருக்கிறது. பட்டாவில் ஹெக்டேர், ஏர். தரகரிடம் சென்ட். வரப்பில் நின்று பேசும்போது மா. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒரே வயலை மூன்று பேச்சில் பேசத் தெரிந்த தலைமுறை அம்மாயியுடையது.

பழைய அளவை எல்லாம் நியாயமாக இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் படி மாறியது. சில இடங்களில் வீட்டுக்கு வீடு மரக்கால் மாறியது. 1940-களில் தஞ்சைப் பகுதி விவசாயத் தொழிலாளர்கள் முத்திரை மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்று போராடினார்கள். எங்கும் ஒரே அளவு என்று வந்தது ஏமாந்தவர்களுக்குக் கிடைத்த நன்மை. அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏமாற்றிய மரக்காலும் ஏமாந்தவரின் நினைவும் சேர்ந்தே மறைந்துபோனால், அந்தப் போராட்டம் எதற்காக நடந்தது என்றே பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது.

ஆகவே அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை இதற்கென ஒதுக்குகிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். உங்கள் ஊர்ப் படி எத்தனை ஆழாக்கு பிடித்தது, பால் எதில் அளந்தார்கள், புளியை எத்தனை பலம் வாங்கினார்கள், யார் அளந்தார், யார் முந்தானையை விரித்து நின்றார். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். காலம் தாழ்த்தவும் வேண்டாம். எண்பதைத் தாண்டியவர்களிடம் கேட்க வேண்டியது இது.

அம்மாயி சொன்னதை முதலில் பதிகிறோம். அவருடைய அப்பா வீட்டில் இரண்டு மரக்கால்கள் இருந்தன. குத்தகை நெல்லை வாங்க ஒன்று, கூலி நெல்லைக் கொடுக்க ஒன்று. கூலிக்கு உரியது கொஞ்சம் சிறியது. அதில் அளக்கும்போதும் முதல் மரக்கால் லாபம்தான்.