கைக்குத் தீட்டு, பைக்குத் தீட்டில்லையா?

பல வருஷம் உழைக்கவேண்டும், பழுதானால் சரி செய்துகொள்ள வேண்டும், மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு குறைய வேண்டும் என்ற நோக்கத்தோடு தோல் பைகளைத் திட்டமிட்டுச் செய்யவேண்டுமென்ற பேச்சு இப்போது நம் பட்டணங்களில் கிளம்பியிருக்கிறது. நல்ல பேச்சுதான், நாமும் வரவேற்கின்றோம். ஆனால் அப்பேச்சில் ஓர் ஆள் விடுபட்டுப் போயிருக்கிறார். பையைப் பழுது பார்ப்பவர் யார்? அவருக்காகவே இதை எழுதுகின்றோம்.

முதலில் பையைக் கவனிப்போம். கடையில் பளபளவென்று தொங்கும் ரெக்ஸின் பையின் மேல்பூச்சு நாளடைவில் உரிந்துவிடுகிறது. உரிந்த பூச்சை எந்தக் கெட்டிக்காரராலும் மறுபடி ஒட்டவைக்க முடியாது. நல்ல தோலாகவே இருந்தாலும், கைப்பிடியை உள் துணிக்குள் புதைத்துப் பசை போட்டு மூடிவிட்டால், அது அறுந்த அன்று பையையே கிழித்தாக வேண்டும். பழுது பார்க்கத்தக்க பை அப்படியல்ல. கைப்பிடியும் தோள்வாரும் பக்கிளாலோ திருகாணியாலோ மாட்டப்பட்டு, தனியே கழற்றி மாற்றத்தக்கதாய் இருக்கும். ஒரு வரிசைத் தையலைப் பிரித்தால் ஜிப்பு வெளியே வந்துவிடும். பளு தாங்கும் இடங்களில், மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக விட்டுக் கையால் தைத்திருக்கும். இயந்திரத் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பிடித்து நிற்பதால், ஓரிடம் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர்ந்து போகும். இந்தக் கைத்தையலிலோ ஓர் இழை போனாலும் மற்றோர் இழை பிடித்து நிற்கும். இதில் கடவுள் அருள் ஒன்றும் இல்லை. மனிதன் யோசனைதான் இருக்கிறது.

பையை நீண்ட நாள் வைத்திருப்பது சிக்கனம் மாத்திரமல்ல. பச்சைத் தோலைப் பதனிட உப்பும் தண்ணீரும் ரசாயனமும் ஏராளமாக வேண்டும். முன்பு ஆவாரம் பட்டை முதலியவற்றில் வாரக்கணக்காக ஊறப்போட்டுப் பதனிட்டார்கள். பிறகு சீக்கிரத்தில் வேலை முடியும் குரோம் முறை பரவிற்று. வேலூர்ச் சீமையில் தோல் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கு டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போய், கெடுத்தவரே நஷ்டஈடு கொடுக்கவேண்டுமென்று 1996-ல் தீர்ப்பாயிற்று. அதற்குப் பின்னும், 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் சேற்றுக் குழம்பில் மாண்டார்கள். ஆகவே ஒரு பை இரண்டு பைகளின் காலம் உழைக்குமானால், ஆற்றுக்கும் தொழிலாளிக்கும் அந்த அளவு பாரம் குறையும். பைத் தொழிலாளிக்கு வேலை குறையுமே என்பார்க்கு, பழுது பார்ப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று சொல்லுவோம்.

நிற்க. அந்த வேலையை இந்நாட்டில் வெகுகாலமாகச் செய்து வருகிறவர் யார்? பஸ் நிலையத்து ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, குத்தூசியும் மெழுகு நூலும் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரே அவர்தான். பெரும்பாலும் அருந்ததியர் முதலான தாழ்த்தப்பட்ட சமூகத்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பை வாங்கிய கனவான், கைப்பிடி தைக்க இருபது ரூபாயா என்று அவரிடம் பேரம் பேசுகிறார். வயதில் மூத்தவரை ‘நீ’ என்று அழைக்கிறார். காசைக் கையில் கொடாமல் சாக்கின்மேல் எறிகிறார்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? தோல் வெட்டுகிறவன் கொடுக்கும் சோற்றைத் தின்றால் புகழ் அழியும் என்பது மனுதர்மத்தின் 4-வது அத்தியாயம். பார்ப்பனப் பிரமசாரி கருமான் தோலை உடுத்தவேண்டும் என்பது அதே மனுதர்மத்தின் 2-வது அத்தியாயம்! தோல் சுத்தமாம், தோலைத் தொட்டுத் தொழில் செய்பவன் அசுத்தமாம்! மிருதங்கத்தின் தோல் சபாவின் மேடை ஏறலாமாம். அந்தத் தோலைப் பதப்படுத்தியவன் வாசலில் நிற்கவேண்டுமாம்! அடையாற்றில் 1948 முதல் இருந்துவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லா ஜாதியாரும் தோலை ஆராய்கிறார்கள். அவர்களுக்குத் தீட்டு வந்ததா? விஞ்ஞானி என்ற பட்டமல்லவா வந்தது! ஆகவே தீட்டு தோலில் இல்லை, ஜாதியில்தான் இருக்கிறது என்பது விளங்கவில்லையா?

பை செய்யும் கம்பெனிகளுக்கு ஒன்று சொல்லுகின்றோம். திட்டம் போடும்போதே பழுது பார்ப்பவரைக் கூலி கொடுத்து அழைத்து யோசனை கேளுங்கள். எங்கே முதலில் அறுகிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது. பக்கிளும் வாரும் தனியாக விலைக்குக் கிடைக்கச் செய்யுங்கள். நகராட்சிகள் அவருக்கு நிழலும் கடையும் மின்சாரமும் கொடுக்கட்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘பாரம்பரியக் கைத்தொழில்’ என்று புகழ்ந்துகொண்டே, அவர் மகனையும் அந்தச் சாக்கிலேயே உட்காரவைக்கப் பார்ப்பவர்களை நம்பக்கூடாது. 1953-ல் வந்த குலக்கல்வித் திட்டமும் இப்படித் தொழிலின் பெருமையைப் பேசிக்கொண்டுதான் வந்தது. நம் எதிர்ப்பால் 1954-ல் ஒழிந்தது. அவர் பிள்ளை டாக்டராகட்டும், இஞ்சினீயராகட்டும், மனமிருந்தால் பை செய்யட்டும். மற்ற ஜாதிப் பிள்ளைகளும் அந்த ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். தொழில் நிலைக்கவேண்டும், தொழிலோடு ஒட்டிய பிறவி இழிவு ஒழியவேண்டும்.

தோழர்களே! அறுந்த பையை எறியாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். ‘வாங்க, போங்க’ என்று பேசுங்கள், கேட்ட கூலியைக் கையில் கொடுங்கள். அதைச் செய்யாமல் பூமியைக் காப்பாற்றுவதாகப் பேசுவது வெறும் வேஷமே ஆகும்.