காகிதப் படையும் கைவண்ணமும்

விளையாட்டு என்றால் மைதானம், பந்து, பரிசுக் கோப்பை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். பெரிய உலகத்தைச் சிறிதாக்கிக் கைக்குள் கொண்டுவந்து மகிழும் விளையாட்டும் ஒன்று உண்டு. பட்டினப்பாலை காட்டும் மூன்று சக்கரச் சிறுதேரும், பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பருவங்களாகவே வகுத்துவைத்த சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் அவ்வாசையின் பழைய சான்றுகள். அதன் இக்காலக் கிளை ஒன்றைப் பற்றியே இங்குச் சில கருத்துகளை முன்வைக்க விழைகிறோம். மேசைமேல் நடத்தப்பெறும் மாயக் கற்பனைப் போர் விளையாட்டுகளுக்காகக் காகிதத்தில் தாமே உருவங்களை வரைந்து, வண்ணந்தீட்டி, வெட்டி நிறுத்தும் கைத்தொழில் அது. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை என்று வினவும் பெரியோர், இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஒரு பெட்டியின் கதை

கடந்த ஆண்டு ஐப்பசித் திங்களில் ஓர் இரவு. விடுதிப் பொறுப்பை ஏற்றிருந்த நாம் அறைகளைப் பார்வையிடச் சென்றோம். ஓர் அறையில் நான்கு மாணவர்கள் தரையில் போர்வையை விரித்து அதன்மேல் குனிந்திருந்தனர். பகடைக்காய் உருளும் ஓசை கேட்டது. சூதாட்டம் என்று நொடியில் முடிவு கட்டினோம். விளக்கம் கேட்கும் பொறுமை நமக்கு இல்லை. போர்வைமேல் நின்ற காகித உருவங்களை ஒரு செருப்புப் பெட்டியில் அள்ளிப் போடச் செய்து, அலுவலறைச் சன்னலோரம் கொண்டுவந்து வைத்தோம். சன்னலைச் சாத்த மறந்தோம். அன்றிரவு பெய்த அடைமழையில் பெட்டியும் அதனுள் இருந்தவையும் கூழாயின.

மறுநாட் காலையில் இயற்பியல் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் வந்து நின்றார். பெட்டிக்குள் நெடுநேரம் பார்த்தார். “62 உருவங்கள், ஐயா. இரண்டு மாத வேலை” என்றார். அவர் சினந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும். அவரோ, “பரவாயில்லை ஐயா. மூலக் கோட்டோவியங்கள் என் பெட்டியில் இருக்கின்றன. மறுபடியும் நகலெடுத்து வண்ணம் தீட்டிக்கொள்வேன்” என்றார்.

நாணித் தலைகுனிந்தோம். “உட்காருங்கள் தம்பி, இது என்ன விளையாட்டு என்று சொல்லுங்கள்” என்றோம். அன்று பிற்பகல் முழுவதும் அவர் ஆசிரியராகவும் நாம் மாணவராகவும் இருந்தோம். அவர் சொன்னவையும், அவற்றின் வழியே நாம் தேடிப் படித்தவையுமே இக்கட்டுரை.

காகித வீரர்களின் வழிவழி

போரை மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மானியர். பிரன்சுவிக் நகரின் எல்விக் என்பார் 1780இல் சதுரங்கத்தை விரித்துப் போர் விளையாட்டு நூலொன்றை வெளியிட்டார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1812இல் அமைத்த விளையாட்டை அவருடைய மகன் 1824இல் செம்மைப்படுத்தினார். படை அதிகாரிகளின் பயிற்சிக்கே அது பயன்பட்டது.

அரசவையிலும் படைமுகாமிலும் ஆடப்பட்ட ஆட்டத்திற்கு இணையாக எளியவர் வீடுகளில் காகிதப் படை வளர்ந்தது. பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் அச்சிட்ட படைவீரர் தாள்களை வாங்கி, வண்ணந்தீட்டி, அட்டையில் ஒட்டி, வெட்டி நிறுத்தும் வழக்கம் குடும்பக் கலையாகவே நிலைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில்பர்மன் என்னும் அச்சகத்தார் வண்ண அச்சிலேயே அத்தாள்களை வெளியிட்டனர். அந்நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் அக்காகித வீரர்கள் காக்கப்பட்டுள்ளனர். எபினால் நகரில் 1796இல் பெல்லரின் தொடங்கிய அச்சகமும் இவ்வகைத் தாள்களுக்குப் பெயர்பெற்றது. ஈய வீரன் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு என்றால், காகித வீரன் தையற்காரர் வீட்டுப் பிள்ளைக்கு. அணிவகுப்பில் இருவரும் ஒன்றே.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை எழுதி இவ்விளையாட்டை வீட்டுக் கூடத்திற்குப் பொதுவாக்கினார். மாய உலகம் இதனுள் புகுந்தது பின்னர்தான். டோல்கீனின் நாவல்கள் பரப்பிய எல்ஃப், ஆர்க், டிராகன் முதலியவற்றைப் படைகளாக நிறுத்தும் விதிகள் அமெரிக்காவில் 1971இல் வெளிவந்த ‘செயின்மெயில்’ நூலின் பிற்சேர்க்கையில் இடம்பெற்றன. அதன் ஆசிரியருள் ஒருவரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசனோடு இணைந்து 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டார். அக்காலத்தில் கைகாக்ஸ் வேண்டிய பூதங்களெல்லாம் கடையில் கிடைக்கவில்லை. மலிவான நெகிழி விளையாட்டுப் பொம்மைகளைப் பூதங்களாக வைத்து ஆடினார். அவற்றின் விந்தை வடிவங்களிலிருந்தே அந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற சில பூதங்கள் பிறந்தன. இல்லாமை கற்பனைக்குத் தாயானது.

1980இல் அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் முன்னும் பின்னும் வண்ணம் அச்சிட்ட அட்டை வீரர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983இல் இங்கிலாந்தில் ‘வார்ஹாமர்’ தோன்றியது. அதன்பின் உலோக, நெகிழிச் சிற்றுருவங்களின் வணிகம் பெருகியது. இன்று ஒரு சிறு படைப்பெட்டியின் விலை விடுதி மாணவர் ஒருவரின் ஒரு திங்கள் உணவுக் கட்டணத்தை விழுங்கிவிடும். ஆகவேதான் உலகெங்கும் எளிய ஆட்டக்காரர் பலர் காகிதத்தையே நாடுகின்றனர்.

செய்யும் முறை

இம்மாணவர் முதலில் உருவத்தை 84 மில்லிமீட்டர் உயரத்தில் வரைகிறார். நகலகத்தில் அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் 28 மில்லிமீட்டர் ஆகிறது. இவ்விளையாட்டுகளில் பெரிதும் வழங்கும் அளவு அதுவே. சுருங்கும்போது கையின் சிறு பிழைகள் மறைந்துவிடும். மெல்லிய கோடுகளும் மறைந்துவிடும். ஆகவே கோடு தடிப்பாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது முதுகு. தாளை மடித்து ஒட்டினால் உருவம் இருபுறமும் தெரியவேண்டும். முன்பக்கம் பார்க்கையில் நமக்கு இடப்புறம் தெரியும் வாள், பின்பக்கம் பார்க்கையில் வலப்புறம் தெரிய வேண்டும். இதை மறந்தால் வீரன் திரும்பியதும் வாள் கைமாறிவிடும். மாணவர் தாளை மடித்துச் சன்னல் கண்ணாடியில் வைத்து, வெளிச்சத்தில் புறக்கோட்டைப் படியெடுத்து முதுகை வரைகிறார்.

நகலகத்து மை நீரில் கரையாது. அதனால் நகலின்மேல் நீர்வண்ணம் தாராளமாகத் தீட்டலாம். இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்த படமாயின் பெரும்பாலும் தூரிகை பட்டதும் மை கலங்கி ஓடிவிடும். மெல்லிய தாள் நீர் பட்டால் சுருளும் என்பதால் தடித்த தாளே வேண்டும். பழைய திருமண அழைப்பிதழ்களின் எழுதாப் பக்கத்தை நகலகத்தாரிடம் கொடுத்து அதிலேயே படியெடுத்துக்கொள்கிறார். எந்த வீட்டு அழைப்பிதழில் எந்தப் பூதம் எழுந்தது என்பதை அவர் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

வண்ணந்தீட்டலே இக்கலையின் உயிர். ஆட்டக்காரர் உருவத்தை ஒரு கை நீளத்திற்கு அப்பாலிருந்தே காண்கிறார். உளுந்தளவு முகத்தில் கருவிழியை வரைய முயல்வது வீண். புருவத்தின் நிழல் போதும். ஒளி ஒரு திசையிலிருந்தே விழுவதாகக் கொண்டு எல்லா உருவங்களுக்கும் அத்திசையிலேயே வெளிச்சமும் நிழலும் இடவேண்டும். அடிவண்ணம் ஒன்று, அதனினும் கருமையான நிழல் ஒன்று, வெளிறிய மேற்பூச்சு ஒன்று என மூன்றே படிகள். பிறகு புறக்கோட்டைச் சுற்றிச் சிறிது கரை விட்டு வெட்டி, வெட்டிய வெள்ளை விளிம்பைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் மூடிவிட்டால் உருவம் எடுப்பாக நிற்கும். அடியில் நாட்காட்டி அட்டையை வட்டமாக வெட்டி ஒட்டி, அதன்கீழ் இரும்பு வாஷர் ஒன்றைப் பதித்தால் மின்விசிறிக் காற்றிலும் வீரன் சாயமாட்டான்.

“ஒரு படைக்கு மூன்று வண்ணங்களுக்கு மேல் கூடாது, ஐயா, எந்தப் பக்கத்து வீரன் என்பது பார்த்ததும் தெரியவேண்டும்” என்றார் மாணவர். நமக்குப் புறத்திணை நினைவுக்கு வந்தது. ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை. மதிலை வளைப்போர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி. பூவைக் கண்டதும் படை விளங்கும். ஆண்டுதோறும் வகுப்பில் நாம் ஒப்பித்துவரும் பாடத்தின் பயனை ஓர் இயற்பியல் மாணவர் நமக்கு உணர்த்தினார்.

வாங்குதலும் ஆக்குதலும்

இனி நம் கருத்துக்கு வருவோம். விலைக்கு வாங்கிய படைக்கும் கையால் ஆக்கிய படைக்கும் உள்ள வேறுபாடு பணத்தில் மட்டும் இல்லை. ஆர். எல். ஸ்டீவன்சன் 1884இல் எழுதிய கட்டுரையொன்றில் தம் இளமையில் விற்ற காகித நாடக மேடைத் தாள்களை நினைவுகூர்கிறார். வண்ணமிடாத தாள் ஒரு பென்னி. வண்ணமிட்டது இரண்டு பென்னி. இரண்டு பென்னி கொடுத்து வண்ணத்தை வாங்கும் சிறுவன் தன் இன்பத்தைத் தானே விற்றுவிடுகிறான் என்பது அவர் கருத்தின் சாரம். அக்கருத்து இன்று இன்னும் பொருந்துகிறது. கேட்ட படத்தைக் கணிப்பொறியே வரைந்து தரும் காலம் இது. அச்சிட்டு வெட்டினால் படை ஆயத்தம். ஆனால் அப்படை நனைந்து அழிந்தால், வாங்கியவர் மறுபடியும் கடைக்குத்தான் போகவேண்டும். ஆக்கியவர் மறுபடியும் ஆக்குவார். மழையில் படை முழுவதையும் இழந்த மாணவர் நம்மெதிரே கலங்காது நின்றதன் காரணம் இதுவே. படை பெட்டியில் இருந்தது. திறமை அவரிடத்தில் இருந்தது.

கற்பனையும் கடன் வாங்கியதாக இருத்தலாகாது. ஆர்க்குகளையும் எல்ஃப்களையும் வரைவதில் குற்றமில்லை. ஆயினும் கலிங்கத்துப்பரணியின் பேய்கள், சிந்துபாதின் கப்பலைச் சிதைத்த ருக் பறவை, அக்பர் காலத்தில் ஏறத்தாழ 1400 ஓவியங்களாகத் துணியில் தீட்டப்பெற்ற ஹம்சா நாமாவின் அரக்கர்கள் ஆகியோரெல்லாம் நம் தூரிகைக்காகக் காத்திருக்கின்றனர். அவர்களை வரைய வேண்டுமாயின் முதலில் அந்நூல்களைப் படிக்க வேண்டும். பேயின் பல் எப்படி, கூந்தல் எப்படி, வயிறு எப்படி என்று பரணியைத் துருவும் மாணவர், தேர்வுக்காகப் படிப்பவரைவிட ஆழமாகவே படிப்பார்.

ஐயங்கள் சில

போரை விளையாட்டாக்குவது தகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெல்ஸே இதற்கு விடை தந்துள்ளார். சிலமுறை ஆடிப் பார்த்தாலே பெரும்போர் எத்துணைத் தடுமாற்றம் மிக்கது என்பது விளங்கும் என்றும், குருதி சிந்தாத சிறுபோர் எவ்வளவோ மேலானது என்றும் அவர் வாதிட்டார். அந்நூல் வெளிவந்த அடுத்த ஆண்டே, 1914இல், மெய்யான பெரும்போர் மூண்டது. அறிவுரை கேட்கப்படவில்லை என்பதால் அது பிழையாகிவிடாது. ஒரு வீரனுக்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு வண்ணமிட்டவர் அவனை எளிதில் பலியிடமாட்டார் என்பதையும் நாம் கண்டோம்.

உருவம் சமைக்கலாமா என்பது நம் சமுதாயப் பெரியோர் எழுப்பும் வினா. இதில் மார்க்க அறிஞரிடையே நுணுக்கமான கருத்து வேறுபாடுகள் உண்டு. தீர்ப்புரைக்கும் தகுதி நமக்கு இல்லை. எனினும் அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் உள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே துண்டுத் துணியாலான இரு சிறகுகளோடு ஒரு குதிரையைக் கண்டார்கள். குதிரைக்குச் சிறகா என்று வினவினார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்று மறுமொழி வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வீட்டில் கிடந்த துணியில் உருவான அந்தச் சிறகுக் குதிரையை நினைக்கும்தோறும் நம் உள்ளம் மலர்கிறது.

மூன்றாவது ஐயம், காலம் வீணாகும் என்பது. தேர்வுக் காலத்தில் வீணாகும்தான். அளவறிந்து ஆடுவதே முறை. ஆனால் கைப்பேசித் திரையைத் தள்ளித் தள்ளிக் கழியும் மாலைகளுக்குக் கணக்குக் கேட்காத நாம், தூரிகை பிடித்த மாலைகளுக்கு மட்டும் கணக்குக் கேட்பது நேர்மையாகாது.

நம் வேண்டுகோள்

தமிழ் மன்ற விழாவில் கட்டுரை, பேச்சு, கவிதைப் போட்டிகளோடு காகித உருவப் போட்டி ஒன்றையும் அடுத்த ஆண்டு முதல் சேர்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். விதி இரண்டு போதும். உருவம் தமிழ் இலக்கியம் ஒன்றிலிருந்து பிறந்திருக்க வேண்டும். தாளும் வண்ணமும் தவிர எதையும் விலைக்கு வாங்குதல் கூடாது.

அந்த மாணவர் தைத் திங்களுக்குள் தம் படையை மீண்டும் எழுப்பிவிட்டார். முந்தையதைவிட இது நன்றாக வந்திருப்பதாக அவருடைய நண்பர்களே கூறுகின்றனர். பார்க்க அழைத்தார், சென்றோம். அணிவகுப்பின் பின்வரிசையில் முன்பு இல்லாத பூதம் ஒன்று நின்றது. பருத்த உடல், மூக்குக் கண்ணாடி, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஒரு செருப்புப் பெட்டி. யாரென்று அறிய நமக்கு நெடுநேரம் ஆகவில்லை. மாணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நிழல் சரியாக விழுந்திருக்கிறது தம்பி, சட்டையின் வண்ணம்தான் சற்று வெளிறிவிட்டது” என்று சொல்லித் திரும்பினோம்.